மூலநிரலும் முள்வேலியும்

மின்சாரம் பிறந்த ஊரில் பிறந்தவன் நான். மூணாற்றை அடுத்த பள்ளிவாசலில்தான் 1940ஆம் ஆண்டு திருவிதாங்கூர் அரசின் முதல் நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. முதிரப்புழை ஆற்று நீரை மலையைக் குடைந்து கொணர்ந்து, பெருங்குழாய்களின் வழியே சரிவில் இறக்கி, பொறிகளைச் சுழலச் செய்கின்றனர். தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்து பள்ளிக்கு நடக்கும் வழியில் அக்குழாய்களை நாள்தோறும் பார்த்தவன் நான். ஆறு பொதுவானது. ஆனால் மதகைத் திருகும் கை ஒன்று எங்கோ இருக்கிறது. இதனைப் பற்றி அந்நாளில் நான் சிந்தித்ததில்லை. பிற்காலத்தில் சிந்திக்க வைத்தது கணிப்பொறி.

எங்கள் பள்ளி தமிழ்வழி அரசுப் பள்ளி. கேரளத்தில் 2001ஆம் ஆண்டு 'ஐ.டி. அட் ஸ்கூல்' என்னும் திட்டம் தொடங்கப்பெற்றுப் பள்ளிகள்தோறும் கணிப்பொறி வந்தது. சில ஆண்டுகளில் அத்திட்டம் விலைகொடுத்து வாங்கும் மென்பொருளைக் கைவிட்டு, கட்டற்ற மென்பொருளுக்கு மாறியது. 2017 முதல் 'கைட்' என்னும் அரசு நிறுவனமாக அது நடைபெறுகிறது. மலையாளம் படிக்கும் பிள்ளைக்கும், இடுக்கியிலும் பாலக்காட்டிலும் தமிழ் படிக்கும் பிள்ளைக்கும் அங்கே ஒரே லினக்ஸ்தான். அக்கணிப்பொறியின் முன் எங்களை உட்காரவைத்து ஆசிரியர் ஒருநாள் சொன்னார்: "இது யாருக்கும் சொந்தமில்லை தம்பி, எல்லாருக்கும் சொந்தம். இதை நம்மிடமிருந்து எவனும் பறிக்க முடியாது."

நான் அதை அப்படியே நம்பினேன். அந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் மெய், எவ்வளவு தூரம் பொய் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். ஆராயும்படி நேர்ந்த காரணத்தை உரிய இடத்தில் கூறுவேன்.

முதலில் கட்டற்ற மென்பொருள் என்பது யாது? மென்பொருளின் மூலநிரலை, அதாவது மனிதர் எழுதிய வடிவத்தை, எல்லாரும் படிக்கவும், திருத்தவும், படியெடுத்துப் பிறருக்கு வழங்கவும் உரிமை தருவது. 1983இல் ரிச்சர்டு ஸ்டால்மன் இவ்வியக்கத்தைத் தொடங்கினார். 1991இல் பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ், இயங்குதளத்தின் கருவாகிய லினக்ஸை எழுதி வெளியிட்டார். நம்மைப் போன்ற ஒரு மாணவர்தாம் என்பதைக் குறித்துக்கொள்க. திறமூலம் என்பதற்கு 1998இல் வகுத்த இலக்கணத்தில் பத்து விதிகள் உண்டு. ஐந்தாவது விதி, எந்த ஆளுக்கோ குழுவினருக்கோ எதிராக உரிமம் வேற்றுமை காட்டலாகாது என்கிறது.

மறுபக்கம், பொருளாதாரத் தடை. ஒரு நாட்டோடோ நிறுவனத்தோடோ ஆளோடோ தன் ஆட்சிக்கு உட்பட்டோர் கொடுக்கல் வாங்கல் செய்தலாகாது என்று ஓர் அரசு இடும் கட்டளையே அது. ஐக்கிய நாடுகள் அவை விதிக்கும் தடை எல்லா நாடுகளையும் கட்டுப்படுத்தும். அமெரிக்காவோ ஐரோப்பிய ஒன்றியமோ விதிப்பது அவரவர் குடிகளையும் நிறுவனங்களையும் மட்டுமே கட்டுப்படுத்த வேண்டும். ஆனால் உலக வாணிபம் டாலரில் நடக்கிறது. உலகின் பெருங்கணினி நிலையங்கள் சில நிறுவனங்களின் கையில் இருக்கின்றன. ஆகவே வாஷிங்டனில் இட்ட கட்டளையின் நிழல் உலகெங்கும் விழுகிறது.

வேற்றுமை பாராதே என்கிறது உரிமம். இன்னாரோடு பழகாதே என்கிறது சட்டம். இரண்டும் மோதினால் எது நிற்கும்?

விடை பலர் எண்ணுவதுபோல் எளிதன்று. அமெரிக்க ஏற்றுமதி விதிகளின்படியே, எல்லாரும் காண வெளியிட்ட மூலநிரல் பெரும்பாலும் கட்டுப்பாட்டுக்கு வெளியில்தான் நிற்கிறது. அச்சிட்ட நூலைப் போன்றது அது. இந்த நிலை தானாக வந்ததன்று, போராடிப் பெற்றது. 1990களில் மறைகுறியாக்க மென்பொருளைப் போர்க்கருவிகளோடு சேர்த்துக் கட்டுப்படுத்தியிருந்தனர். ஃபில் சிம்மர்மன் என்பார் 1991இல் எழுதிய பி.ஜி.பி. என்னும் மென்பொருள் நாட்டெல்லை தாண்டியதற்காக அவர்மீது ஆண்டுக்கணக்கில் விசாரணை நடந்தது. அவர் செய்தது என்ன? மூலநிரலை நூலாக அச்சிட்டுவிட்டார்! நூலை ஏற்றுமதி செய்யத் தடையில்லை. 1997இல் ஐரோப்பாவில் தொண்டர்கள் அத்தகைய நூல்களின் பக்கங்களை ஒளிவருடி, மீண்டும் கணிப்பொறி நிரலாக மாற்றினர். இதனைப் படித்த அன்று நான் உரக்கச் சிரித்தேன். விடுதி அறை நண்பர் திரும்பிப் பார்த்தார். டேனியல் பெர்ன்ஸ்டைன் என்னும் ஆராய்ச்சி மாணவர் 1995இல் அரசின்மீதே வழக்குத் தொடுத்தார். நிரலும் ஒருவகைப் பேச்சே என்னும் அவர் வாதத்தை 1999இல் மேல்முறையீட்டு நீதிபதிகள் ஏற்றனர். 2000இல் அரசே விதிகளைத் தளர்த்தியது.

இக்காலத்தில் டெபியன் என்னும் தொண்டர் குழுவினர் செய்ததையும் சொல்ல வேண்டும். பல லினக்ஸ் வடிவங்களுக்குத் தாய் டெபியன்தான். அவர்கள் மறைகுறியாக்க மென்பொருள்களை மட்டும் 'அமெரிக்காவுக்கு வெளியே' என்று பெயரிட்ட தனிப் பிரிவாக்கி, அந்நாட்டு எல்லைக்கு அப்பாலுள்ள கணிப்பொறியில் வைத்திருந்தனர். வீட்டுக்குள் வரக்கூடாத பொருளைத் திண்ணையில் வைத்து எடுத்துக்கொள்வது போன்றது இது. 2005இல் வெளிவந்த பதிப்பில் அத்திண்ணை தேவையற்று நீங்கியது.

இதுவரை பார்த்தால் ஆசிரியர் சொன்னது மெய்யே என்று தோன்றும். நிரலைப் பறிக்க முயன்றார்கள், இயலவில்லை. ஆனால் திறமூலம் என்பது நிரல் மட்டுமா? நிரலை வைக்க ஓர் இடம் வேண்டும். எழுதுவோர் கூடிப் பேச மன்றம் வேண்டும். செலவுக்குப் பணம் வேண்டும். இன்னாருடைய திருத்தத்தை ஏற்கலாம் என்று முடிவுசெய்யும் பொறுப்பாளர் வேண்டும். இவற்றில் எதுவும் நூல் போன்றதன்று. இவை சேவைகள், கொடுக்கல் வாங்கல்கள், பதவிகள். இவற்றின்மீது தடை முழு வலிமையோடு பாய்கிறது. ஆறு ஓடிக்கொண்டே இருக்கும், மதகு மூடப்படும்.

2010 சனவரியில், அந்நாளில் திறமூல மென்பொருள்களின் பெருங்களஞ்சியமாக விளங்கிய சோர்ஸ்ஃபோர்ஜ் என்னும் தளம், கியூபா, ஈரான், வடகொரியா, சூடான், சிரியா ஆகிய ஐந்து நாட்டினருக்கும் கதவை அடைத்தது. தம் நிரலைத் தாமே எடுக்க இயலாத நிலை சிலருக்கு வந்தது. எதிர்ப்பு எழவே, அடுத்த மாதம் முடிவை அந்தந்தத் திட்டத்தின் பொறுப்பாளரிடமே விட்டது. 2019 சூலையில் கிட்ஹப், ஈரான், சிரியா, கிரிமியா ஆகிய இடங்களிலுள்ளோரின் கணக்குகளைக் கட்டுப்படுத்தியது. பொதுக் களஞ்சியங்கள் திறந்திருந்தன. தனிக் களஞ்சியங்களும் கட்டணச் சேவைகளும் மூடப்பட்டன. அந்நிறுவனம் அமெரிக்க நிதித் துறையிடம் வாதாடித் தனி உரிமம் பெற்று, 2021 சனவரியில் ஈரானியர்க்கு மீண்டும் திறந்தது. அது பாராட்டத்தக்க செயல். ஆயினும் இடையில் கழிந்தது ஒன்றரை ஆண்டு. ஒரு மாணவனுடைய பட்டப்படிப்பில் பாதிக் காலம்.

இவ்விடத்தில் ஒரு விந்தை உண்டு. அத்தளம் நிற்பது கிட் என்னும் கருவியின்மேல். அக்கருவி பிறந்த கதை என்ன? லினக்ஸ் எழுதுவோர் பிட்கீப்பர் என்னும் மூடிய மென்பொருளை இலவசமாகப் பயன்படுத்தி வந்தனர். 2005இல் அதன் உரிமையாளர் அவ்விலவச அனுமதியை விலக்கிக்கொண்டார். டோர்வால்ட்ஸ் சில நாட்களில் தாமே ஒரு கருவியை எழுதத் தொடங்கினார். ஒருவர் கையில் மதகு இருக்கலாகாது என்பதற்காக, ஒவ்வொருவரிடமும் முழு வரலாற்றின் படியும் இருக்கும்படி அதனை அமைத்தார். அப்படிப்பட்ட கருவியைக் கொண்டு உலகம் செய்தது என்ன? எல்லாவற்றையும் மீண்டும் ஒரே களஞ்சியத்தில் கொண்டுபோய்க் குவித்தது! மனிதனுக்கு வசதியின்மேல் உள்ள ஆசை அத்தகையது. என்னையும் சேர்த்தே சொல்கிறேன்.

இனி என் கதைக்கு வருகிறேன். பள்ளிப் பிள்ளைகளுக்கான சிறு கணிதப் பயிற்சி மென்பொருள் ஒன்றைத் தமிழாக்கும் வேலையில் நான் ஈடுபட்டிருந்தேன். என் திருத்தங்களைச் சரிபார்த்தவர் தெஹ்ரானில் படிக்கும் ஒரு மாணவர். தமிழின் கொம்பும் காலும் திரையில் இடம்மாறி நின்றபோது அவர்தாம் இரண்டு இரவுகள் விழித்திருந்து சரிசெய்தார். வலமிருந்து இடமாக எழுதும் மொழிக்காரர், எங்கள் லயத்துப் பிள்ளைகளின் 'கொ'வைச் சீர்செய்தார் என்பதை நினைத்தால் இன்றும் மகிழ்ச்சிதான். எங்கள் குழுவுக்கு அன்பர் சிலர் சிறு நன்கொடை தந்தனர். அவருடைய மடிக்கணினி பழுதாகியிருந்தமையால் அறுபது டாலரை அவருக்குத் தருவதென எல்லாரும் முடிவுசெய்தோம். பணம் அனுப்பும் பொறுப்பு எனக்கு வந்தது. ஓர் இணையப் பணச் சேவையில், குறிப்பு எழுதும் இடத்தில், விவரம் அறியாமல் அவருடைய நாட்டின் பெயரை எழுதிவிட்டேன். அவ்வளவுதான். பணம் போகவில்லை, திரும்பவும் வரவில்லை. என் கணக்கே முடங்கியது. நீ யார், அவர் யார், உங்களுக்குள் என்ன தொடர்பு என்று கேள்விகள் வந்தன. தேயிலைத் தோட்டத் தொழிலாளியின் மகன் அறுபது டாலரால் உலக அமைதிக்கு ஊறு விளைவிக்கவில்லை என்று மெய்ப்பிக்க ஆறு வாரம் ஆயிற்று.

அவருக்கு எழுதி மன்னிப்புக் கேட்டேன். அவர் எழுதிய விடையில் வருத்தமில்லை; பழகிய களைப்புத்தான் இருந்தது. இதுபோல் தமக்கு நான்காம் முறை என்றும், பணம் திரும்பி வந்தால் உன் பள்ளிக்கு ஏதேனும் வாங்கிக் கொடு என்றும் எழுதியிருந்தார். அதன்பின் சில திங்களில் அவர் குழுவுக்கு வருவது குறைந்து, பிறகு நின்றுவிட்டது. அவர் எழுதிய நிரல் இருக்கிறது. எவரும் அதை அழிக்கவில்லை. ஆனால் அதில் பிழை ஒன்று தோன்றினால் யாரைக் கேட்பது?

மாணவர்களாகிய நாம் அறிய வேண்டிய மற்றொரு செய்தி. 2005 முதல் கூகுள் நிறுவனம் 'கோடைகால நிரலாக்கத் திட்டம்' ஒன்றை நடத்திவருகிறது. திறமூலக் குழுக்களில் பணிசெய்யும் புதியவர்களுக்கு ஊக்கத்தொகை கிடைக்கும். இந்திய மாணவர் ஆண்டுதோறும் பெருந்தொகையாகச் சேர்கின்றனர். நம் துறையிலும் சேர்ந்தவர் உளர். அமெரிக்கா வாணிபத் தடை விதித்த நாட்டில் வாழ்பவர் அதில் சேர இயலாது என்பது விதி. நாம் மகிழ்ச்சியோடு விண்ணப்பம் நிரப்பும்போது இவ்விதியைப் படிப்பதில்லை. நானும் படித்தேனில்லை.

இவையெல்லாம் வாயிலில் நின்றவர்களின் கதை. வீட்டுக்குள் இருந்தவரையே வெளியேற்றிய நிகழ்ச்சி 2024 அக்டோபரில் நடந்தது. லினக்ஸின் பராமரிப்பாளர் பட்டியலிலிருந்து ரஷ்யத் தொடர்புடையோர் ஏறத்தாழ பன்னிருவரின் பெயர்கள் ஒரே திருத்தத்தில் நீக்கப்பட்டன. பல்வகைச் சட்டத் தேவைகளின் பொருட்டு என்று ஒரு வரிக் காரணம் மட்டுமே அதில் இருந்தது. தக்க சான்று காட்டினால் திரும்பலாம் என்றும் இருந்தது. என்ன சட்டம், என்ன சான்று என்பது இல்லை. டோர்வால்ட்ஸ் அம்முடிவை உறுதியாக ஆதரித்தார். அமெரிக்கத் தடைப்பட்டியலில் உள்ள நிறுவனங்களில் பணிபுரிவோரே பராமரிப்பாளராக இருத்தல் இயலாது என்னும் விளக்கம் பிறகு மற்றொரு மூத்த உறுப்பினரிடமிருந்து வந்தது.

இதில் என் கருத்தை மறைக்காமல் கூறுகிறேன். லினக்ஸ் அறக்கட்டளை அமெரிக்காவில் பதிவானது. டோர்வால்ட்ஸ் அமெரிக்கக் குடிமகன். சட்டத்தை மீறுங்கள் என்று பள்ளிவாசலில் பிறந்த நான் அவர்களுக்குச் சொல்வது எளிது, சிறை செல்வது நானன்று. உக்ரைனில் குண்டு விழும்போது, குண்டு செய்யும் தொழிலுக்குத் துணைநிற்கும் நிறுவனத்தோடு கைகுலுக்க மாட்டோம் என்பதிலும் நியாயம் உண்டு. தடையே கூடாது என்று கூறுவோர் போரை மறக்கின்றனர். ஆயினும், ஆண்டுக்கணக்கில் ஊதியமின்றியும் உழைத்தவர் பெயரை ஒரு வரியில் நீக்கி, விளக்கத்தைப் பின்னால் சொன்ன முறை தவறு. எல்லாம் வெளிப்படையாக நடக்கும் என்பதன்றோ அக்குழுவின் பெருமை? முதலில் விதியைச் சொல்லியிருக்கலாம், நன்றியும் சொல்லியிருக்கலாம்.

நமக்கென்ன, நம் நாட்டின்மீது தடையில்லையே என்று கருதுவோர் உண்டு. அவர்கள் வரலாற்றை மறந்தவர்கள். 1998 மே மாதத்தில் பொக்ரானில் அணுகுண்டுச் சோதனை நடந்தபின் அமெரிக்கா நம்மீது தடை விதித்தது. நம் ஆராய்ச்சி நிலையங்கள் பல ஏற்றுமதித் தடைப்பட்டியலில் ஏறின. 2001 செப்டம்பரில்தான் அத்தடை பெரும்பாலும் நீங்கியது. அதற்கும் முன்னர், 1980களில், மீத்திறன் கணிப்பொறியை நமக்கு விற்க அமெரிக்கா தயங்கியது. வானிலை ஆய்வுக்கென்று ஒன்றைக் கடுமையான நிபந்தனைகளோடு தந்தது. அதனால் 1988இல் பூனாவில் சி-டாக் நிறுவப்பெற்று, 1991இல் பரம் 8000 உருவாயிற்று. மறுத்ததால் வளர்ந்தோம் என்று மேடைகளில் இதனை எடுத்துக்காட்டுவர். பெருமைக்குரியதே. ஆனால் அப்பொறியின் சில்லுகள் பிரிட்டனிலிருந்து வந்தவை என்பதை மேடையில் சொல்வதில்லை.

அண்மைச் சான்றும் உண்டு. 2025 சூலை 18ஆம் நாள் ஐரோப்பிய ஒன்றியம், குசராத்தின் வாடினாரில் எண்ணெய் சுத்திகரிக்கும் நயாரா நிறுவனத்தின்மீது தடை விதித்தது. ரஷ்யாவின் ரோஸ்நெஃப்டுக்கு அதில் 49.13 விழுக்காடு பங்கு உண்டு. சில நாட்களில் மைக்ரோசாஃப்ட் அந்நிறுவனத்தின் மின்னஞ்சல் முதலிய சேவைகளை நிறுத்தியது. நயாரா தில்லி உயர்நீதிமன்றத்தை நாடியது. அம்மாத இறுதிக்குள் சேவை மீண்டது. கவனிக்க: தடை ஐரோப்பாவினது, சேவை அமெரிக்க நிறுவனத்தினது, இருளில் கிடந்தது இந்திய அலுவலகம். இது திறமூலக் கதையன்று. ஆனால் திறமூலத்தின் பயனை இதைவிட நன்கு விளக்கும் கதை எனக்குத் தெரியாது. அஞ்சல் நிலையம் தன் கணிப்பொறியில், தன் கட்டற்ற மென்பொருளில் இயங்கியிருந்தால், அதனை அடுத்த கண்டத்திலிருந்து எவரும் நிறுத்தியிருக்க இயலாது. ஆசிரியர் சொன்னதில் பாதி இவ்வாறு மெய்யாகிறது.

மற்றப் பாதிக்கு என்ன வழி? சிலர் இடம் பெயர்ந்தனர். பெர்க்லியில் பிறந்த ரிஸ்க்-ஃபைவ் என்னும் சில்லு வடிவமைப்பின் அறக்கட்டளை, அரசியல் காற்றுக்கு அஞ்சி, 2020இல் சுவிட்சர்லாந்துக்குக் குடிபெயர்ந்தது. சீனா தனக்கென்று தனிக் களஞ்சியங்களும் அறக்கட்டளையும் அமைத்துக்கொண்டது. நம் நாட்டிலும் தனி இயங்குதளம் வேண்டும் என்னும் குரல் உண்டு. சென்னையில் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் 2007இலிருந்து வழங்குகிறது. அதுவும் டெபியனின் கிளையே. பெயரை மாற்றினால் ஆறு நம்முடையதாகிவிடாது. ஒவ்வொரு நாடும் வேலியிட்டுத் தன் கால்வாயை வெட்டிக்கொண்டால், தெஹ்ரான் மாணவர் பள்ளிவாசல் பிள்ளையின் 'கொ'வைத் திருத்தும் உலகம் இராது.

செய்யத்தக்கவை சிறியவைதாம். நம் பல்கலைக்கழகக் கணிப்பொறியில் முதன்மையான களஞ்சியங்களின் முழுப்படி ஒன்று வைத்திருக்கலாம். கிட் கருவி அதற்கென்றே அமைந்தது. ஒரு தளம் மூடினாலும் மின்னஞ்சல் வழியே திருத்தம் அனுப்பப் பழகலாம். லினக்ஸ் குழுவினர் இன்றும் அவ்வாறே அனுப்புகின்றனர். எல்லாவற்றினும், படியெடுப்பவராக மட்டும் இராமல் பராமரிப்பாளராக நம்மவர் பலர் வளர வேண்டும். பொறுப்பாளர் எல்லாரும் ஒரே நாட்டுச் சட்டத்தின்கீழ் இருந்தால்தான் ஒரு திருத்தத்தில் பன்னிருவர் மறைவர்.

அறுபது டாலர் முடிவில் திரும்பி வந்தது. கட்டணம் கழித்து மீந்த தொகைக்கு மூணாறு கடையில் மவுஸ்கள் வாங்கிக்கொண்டு, கோடை விடுமுறையில் பள்ளிக்குச் சென்றேன். "யார் தம்பி கொடுத்தது?" என்றார் ஆசிரியர். சொன்னேன். "அவருக்கு அனுப்பின பணம் அவருக்கு ஏன் போகலை?" என்று கேட்டார். மாலை மணி அடிக்கும்வரை விளக்கினேன். முழுதும் விளக்கினேனா என்று எனக்கே ஐயம். அவர் பெட்டியிலிருந்து ஒரு மவுஸை எடுத்துக் கணிப்பொறியில் பொருத்திப் பார்த்தார். அந்தக் கணிதப் பாடம் திரையில் விரிந்தது. கொம்பும் காலும் இடம் மாறாமல் இருந்தன.